மணல்திட்டில் தட்டிய கப்பலும் மலைநாட்டு ரொட்டியும்

ஹட்டனிலிருந்து நுவரெலியா செல்லும் பாதையில் அதிகாலை வேளையில் பயணம் செய்வோர் ஒரு காட்சியைக் காணத் தவறுவதில்லை. பனி விலகுமுன்பே லயங்களின் கூரைகளிலிருந்து புகை எழும்பும். உள்ளே அடுப்பருகே ஒரு தாய் கோதுமை மாவைப் பிசைந்து கொண்டிருப்பாள். பிள்ளைக்கு இரண்டு ரொட்டி, கணவனுக்கு மூன்று, மலையில் வைத்துத் தின்னத் தனக்கொன்று. அம்மியில் அரைத்த சம்பலோடு அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பிரட்டுக்களத்திற்கு விரைவாள். ரொட்டியில்லாத மலைநாட்டை நம்மால் எண்ணிப் பார்க்கவும் முடிவதில்லை.

ஆயினும் நம் முன்னோர் தென்னாட்டிலிருந்து ரொட்டியைக் கொண்டுவரவில்லை. அவர்கள் அறிந்தவை அரிசியும் கேழ்வரகும் கம்புமே. எனில், இந்த ரொட்டி நம் அடுப்புக்கு வந்தது எப்போது? எவ்வழியில்? இவ்வினாவைத் தொடர்ந்து சென்றால் எதிர்பாராத ஒரு மனிதரின் வரலாற்றில் போய் நிற்போம். அவர் தோட்டத்துரை அல்லர், வியாபாரியும் அல்லர். நீர்மூழ்கிக் கப்பலொன்றின் தலைவராகப் பெயர் பெற்று, பின்னர் இலங்கைத் தீவு முழுவதன் தலைவிதியையும் சில காலம் கையில் வைத்திருந்த கடற்படை அதிகாரி அவர். பெயர் சேர் ஜெப்ரி லேட்டன்.

கடலைக் கண்ணாலும் காணாத மாணவர்கள் பலர் நம் வகுப்பில் இருக்கின்றனர். அவர்களுக்கு ஒரு கடற்படை அதிகாரியின் கதை எதற்கு என்று கேட்போர் இருக்கலாம். கதையைக் கேட்டபின் அவர்களே விடை கூறட்டும்.

ஒரு புதிய படை

லேட்டன் 1884ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் லிவர்பூல் நகரில் பிறந்தவர். அவர் பிறந்த மறு ஆண்டிலேதான் நமது மலைநாட்டு ரயில்பாதை நானுஓயாவை எட்டிற்று. பதினைந்து வயதில் கடற்படைப் பயிற்சிக் கப்பலில் மாணவராகச் சேர்ந்தார். 1901ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படையின் முதலாவது நீர்மூழ்கி கடலில் இறக்கப்பட்டது.

அந்நாளில் நீர்மூழ்கி என்றால் முதிய கடற்படைத் தலைவர்கள் முகஞ்சுளித்தனர். மறைந்திருந்து தாக்குவது வீரனுக்கு அழகன்று என்பது அவர்கள் எண்ணம். அதில் பணிபுரிவோரின் நிலையோ இரங்கத்தக்கது. ஆரம்பகால நீர்மூழ்கிகளின் இயந்திரங்கள் பெற்றோலில் ஓடின. அடைத்த கலத்தினுள் பெற்றோல் ஆவி கசிந்தால் மனிதர் அறியுமுன்பே மயங்கி விழுவர். ஆகையால் வெள்ளெலிகளைக் கூண்டில் வைத்திருந்தனர். எலி சோர்ந்தால் ஆபத்து என்று பொருள். 1904ஆம் ஆண்டில் ‘ஏ-1’ என்ற நீர்மூழ்கி ஒரு பயணிகள் கப்பலுடன் மோதி, அதிலிருந்த அனைவரோடும் மூழ்கிற்று. இத்தகைய படையிலேதான் இளைஞரான லேட்டன் சேர்ந்தார்.

முதலாம் உலக யுத்தம் மூண்டபோது நீர்மூழ்கி ஓரளவு முன்னேறியிருந்தது. லேட்டன் தலைமை தாங்கிய ‘ஈ-13’ ஏறக்குறைய 180 அடி நீளமுடையது. நீரின்மேல் டீசல் இயந்திரத்தாலும் நீருக்கடியில் மின்கலங்களின் விசையாலும் ஓடும். உள்ளே முப்பது பேர். இயந்திரங்களும் குழாய்களும் டோர்பிடோக்களும் போக எஞ்சிய இடத்திலேதான் உண்ணவும் உறங்கவும் வேண்டும். பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமுங் கொண்ட லயக்காம்பராவில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்வது எத்தகையது என்பதை அறிந்த நம் வாசகர்களுக்கு அந்நெருக்கத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை.

திசை மாறிய இரவு

1915ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத நடுப்பகுதியில் ‘ஈ-13’ இங்கிலாந்தின் ஹாரிச் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. ‘ஈ-8’ என்ற மற்றொரு நீர்மூழ்கியும் உடன் சென்றது. பால்டிக் கடலில் ருஷியருக்குத் துணையாக ஏற்கெனவே போரிட்டுக்கொண்டிருந்த இரு பிரித்தானிய நீர்மூழ்கிகளோடு சேர்ந்துகொள்வது நோக்கம். அங்கு செல்ல வேண்டுமாயின் டென்மார்க்கிற்கும் சுவீடனுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நீரிணையை இரவோடிரவாகக் கடந்தாக வேண்டும். நீர் ஆழமற்றது, மூழ்கிச் செல்ல இயலாத இடங்கள் பல.

அந்நேரத்திலே, கலத்தின் சுழல் திசைகாட்டி பழுதுற்றது. இருளில் வழி தவறிய ‘ஈ-13’ கோபன்ஹேகனுக்கு அருகிலுள்ள சால்ட்ஹோம் தீவின் ஓரத்தில் மணல்திட்டில் ஏறிச் சிக்கிக்கொண்டது. நீரையும் எண்ணெயையும் வெளியேற்றிப் பாரத்தைக் குறைத்துப் பார்த்தனர். கலம் அசையவில்லை. பொழுது விடிந்தது. மறைந்திருப்பதற்கென்றே பிறந்த கலம், யாவரும் காண வெட்டவெளியில் கிடந்தது.

டென்மார்க்கு நடுநிலை நாடு. அந்நாட்டின் படகொன்று வந்து, இருபத்துநான்கு மணி நேரத்திற்குள் கலத்தை மீட்டுக்கொண்டு போக வேண்டும், தவறினால் மாலுமிகள் யாவரும் யுத்தம் முடியும்வரை காவலில் வைக்கப்படுவர் என்று அறிவித்தது. சர்வதேசச் சட்டம் அவ்வாறே விதித்திருந்தது. அதே சட்டம், நடுநிலைக் கடலில் கிடக்கும் கலத்தை எவரும் தாக்கலாகாது என்றும் விதித்திருந்தது. லேட்டன் அச்சட்டத்தை நம்பிக் காத்திருந்தார்.

ஜேர்மனியரின் டோர்பிடோப் படகுகள் அதை மதிக்கவில்லை. இரு படகுகள் நெருங்கி வந்து, டோர்பிடோ எறிந்து, பீரங்கியாலும் இயந்திரத் துப்பாக்கியாலும் சுட்டன. அசைய இயலாத கலம் தீப்பற்றியது. கலத்தைக் கைவிடுமாறு லேட்டன் கட்டளையிட்டார். மாலுமிகள் கடலில் குதித்தனர். நீந்துவோர் மீதும் குண்டுகள் பாய்ந்தன.

அப்பொழுது ஒரு டென்மார்க்குப் படகு செய்த காரியம் என்றும் நினைவுகூரத்தக்கது. சுடுவோருக்கும் நீந்துவோருக்கும் இடையே அது தன்னைக் கொண்டுபோய் நிறுத்தியது. ஜேர்மனியர் சுடுவதை நிறுத்தித் திரும்பினர். முப்பது பேரில் பதினைந்து பேர் மாண்டனர். பதினைந்து பேர் பிழைத்தனர். இறந்தோரின் உடல்களை டென்மார்க்கு அரசு உரிய மரியாதையோடு தன் கப்பலொன்றிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பி வைத்தது. போர் வெறி தலைக்கேறிய காலத்திலும் மனிதம் அடியோடு மாய்ந்துவிடவில்லை என்பதற்கு இது சான்று.

பிழைத்தோர் கோபன்ஹேகனில் காவலில் வைக்கப்பட்டனர். தப்பியோட மாட்டேன் என்று வாக்குறுதி அளித்தால் நகரில் உலாவும் சுதந்திரம் கிடைக்கும். லேட்டன் வாக்களிக்க மறுத்தார். கொடுத்த வாக்கை மீறுவதினும் வாக்கே கொடாதிருப்பது நேர்மை என்று அவர் கருதியிருக்க வேண்டும். பின்னர் அவரும் அவரது துணை அதிகாரியும் காவலிலிருந்து தப்பித் தாயகம் போய்ச் சேர்ந்தனர்.

இரண்டாவது துயரம்

விதி அவரை இன்னொரு முறையும் சோதித்தது. ‘கே’ என்ற வகையைச் சேர்ந்த பெரிய நீர்மூழ்கிகளை அப்போது கடற்படை கட்டியிருந்தது. நீராவியால் ஓடும் அவை போர்க்கப்பல்களுக்கு ஈடாக விரைந்து செல்லும். ஆயினும் திருப்புவதற்குக் கடினமானவை. 1918ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் இரவு, ஸ்கொத்லாந்துக் கரைக்கு அப்பால் மே தீவின் அருகே, ஒரு பெரும் கடற்படை அணி விளக்குகளை மங்கச் செய்து ஒத்திகைக்காகப் புறப்பட்டது. ஒரு கலத்தின் சுக்கான் இறுகிக்கொண்டதிலிருந்து குழப்பம் தொடங்கிற்று. ஒன்றன்மேல் ஒன்றாகக் கப்பல்கள் மோதின. லேட்டன் தலைமை தாங்கிய ‘கே-6’, முன்னால் நின்றுவிட்ட ‘கே-4’ மீது மோதியது. ‘கே-4’ மூழ்கியது, அதிலிருந்த ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. எதிரி எவருமே இல்லாத அவ்விரவில் மொத்தம் 104 பேர் உயிரிழந்தனர்.

அவ்விரு இரவுகளையும் லேட்டன் எவ்வாறு மனத்தில் சுமந்தார் என்பதை எவர் அறிவார்? எனினும், பின்னாளில் இலங்கையில் அவர் காட்டிய பொறுமையின்மைக்கும் கடுமைக்கும் வேரைத் தேடுவோமானால், அது அம்மணல்திட்டிலே கிடைக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது. காத்திருந்தவர்கள் மாண்டதைக் கண்ணால் கண்டவர் அவர்.

தீவின் தலைவர்

யுத்தம் முடிந்தபின் படிப்படியாக உயர்ந்த லேட்டன், 1940ஆம் ஆண்டில் சீனக் கடற்பகுதியின் தளபதியாகச் சிங்கப்பூருக்கு வந்தார். 1941 டிசம்பரில் அட்மிரல் பிலிப்ஸிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத் தாயகம் திரும்ப ஆயத்தமானார். அதற்குள், டிசம்பர் 10ஆம் நாள் ‘பிரின்ஸ் ஒவ் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ என்ற இரு பெருங்கப்பல்களையும் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. பிலிப்ஸும் கடலோடு போனார். புறப்படவிருந்தவர் மீண்டும் தலைமையேற்றார்.

பின்னர் நடந்தவை வேகமாக நடந்தன. 1942 பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8ஆம் நாள் ரங்கூன் வீழ்ந்தது. அடுத்தது இலங்கை என்று உலகமே எண்ணியது. அம்மார்ச் மாதத்திலேயே லேட்டன் இலங்கையின் தலைமைத் தளபதியாக நியமிக்கப்பட்டார். தரைப்படை, கடற்படை, விமானப்படை மட்டுமன்றிச் சிவில் நிர்வாகமும் அவர் ஆணைக்கு உட்பட்டது. தேசாதிபதி சேர் அன்ட்ரூ கல்டிகொட் அவர்களும் அவர் சொற்படி நடக்க வேண்டியவரானார். அமைச்சர்களும் படைத்தலைவர்களும் அமர்ந்த யுத்த சபைக்கு லேட்டனே தலைவர்.

அவர் நாவன்மை மிக்கவர் அல்லர், கடுஞ்சொல் பேசுபவர். ஆனால் காரியம் நடந்தது. கொழும்புக் குதிரைப்பந்தயத் திடல் விமானத் தளமாயிற்று. துறைமுகத்தில் நெருங்கி நின்ற கப்பல்கள் பல முன்கூட்டியே வெளியேற்றப்பட்டன. ஏப்ரல் 4ஆம் நாள் கொக்கலையிலிருந்து பறந்து சென்ற விமானி பர்ச்சால் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். மறுநாள், ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பின் மேல் குண்டுகள் விழுந்தன. 9ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. கடலில் ‘கோர்ன்வால்’, ‘டோர்செட்ஷயர்’, ‘ஹேர்மிஸ்’ ஆகிய பெருங்கப்பல்கள் மூழ்கின. இழப்புப் பெரிது, எனினும் தீவு வீழவில்லை.

மலைநாட்டிற்கு வந்த யுத்தம்

குண்டு விழுந்த கொழும்பிலிருந்து மக்கள் திரள் திரளாக வெளியேறினர். பலர் தலைமன்னார் வழியாக இந்தியாவுக்குச் சென்றனர். வசதி படைத்தோர் மலைநாட்டை நாடினர். கல்கிசைச் சென் தோமஸ் கல்லூரியின் கட்டடங்களைப் படையினர் எடுத்துக்கொண்டதால் அதன் மாணவரில் ஒரு பகுதியினர் குருத்தலாவைக்கு வந்தனர். 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தலைமையகமே பேராதனைப் பூந்தோட்டத்திற்கு இடம் பெயர்ந்தது.

ஆனால் யுத்தம் மலைநாட்டு மக்களிடம் வந்தது இவற்றின் வழியாக அன்று. அரிசியின் வழியாக வந்தது. இலங்கை உண்ட அரிசியில் பெரும்பகுதி கப்பலில் வந்தது; அதிலும் மிகுதி பர்மாவிலிருந்தே வந்தது. ரங்கூன் வீழ்ந்த நாளோடு அது நின்றது. அக்காலத்தில் தோட்டங்களிலே அரிசியை நிர்வாகமே அளந்து கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும். அரிசி பங்கீட்டுக்குள் வந்தது. குறைந்த அரிசிக்கு ஈடாகக் கப்பலில் வந்திறங்கியது கோதுமை மா.

நம் அப்பாயி அப்போது எட்டு வயதுச் சிறுமி. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். அவர் சொன்னது இன்றும் நம் காதில் ஒலிக்கிறது: “அரிசி வாங்கப் போன எங்கப்பா வெள்ள மாவோட வந்தாரு. இத வச்சு களி கிண்டுறதா கஞ்சி காச்சுறதான்னு லயத்துல ஒருத்தருக்கும் தெரியல. எங்கம்மா மொத நா கஞ்சியா காச்சுனாங்க. பசையாப் போச்சு. பசிக்கு அதையும் குடிச்சோம்.”

சில வாரங்களில் கல்லில் தட்டிச் சுடக் கற்றுக்கொண்டார்களாம். மலைக்குக் கொண்டுபோகச் சுலபம். மழையில் நனைந்தாலும் சோற்றைப்போல் கெட்டுப்போகாது. இரண்டு தின்றால் பகல்வரை பசி தாங்கும். யுத்தம் முடிந்தது, அரிசி திரும்பி வந்தது. ரொட்டி மட்டும் திரும்பிப் போகவில்லை.

பட்டினியால் வாடிய அம்மக்களின் உழைப்பு எங்கே போயிற்று என்பதையும் சிந்திக்க வேண்டும். இங்கிலாந்தில் 1940 ஜூலை முதல் தேயிலையும் பங்கீட்டுக்கு உட்பட்டது. வாரத்திற்கு ஆளொன்றுக்கு இரண்டு அவுன்ஸ். குண்டுகளுக்கு நடுவே அம்மக்களின் மனத்தைத் தேற்றும் பானம் தேநீரே என்பதால், அவ்வரசு தேயிலையை மொத்தமாகத் தானே கொள்வனவு செய்தது. மலாயா வீழ்ந்தபின் நேசநாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரில் பெரும்பகுதி இலங்கையில் விளைந்தது. மரங்கள் பாழாவதையும் பொருட்படுத்தாது பால் வெட்டினர். கொழுந்தும் பாலும் ஒரு நாளும் நிற்கலாகாது என்பது கட்டளை. அதை நிறைவேற்றிய கைகள் எவருடையவை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அக்கைகளுக்கு மாற்றுக் கைகளும் இல்லை. 1939ஆம் ஆண்டிலேயே இந்திய அரசு தொழிலாளர் இலங்கைக்கு வருவதைத் தடை செய்துவிட்டது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானார். நியாயம் கேட்டதற்கு இக்கூலி என்ற கசப்பு மறையாத காலம் அது. அந்நிலையிலும் மலைகள் தரிசாகவில்லை; ஆலைகள் நிற்கவில்லை.

கணக்கில் வராத பெயர்கள்

லேட்டனைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. பர்மாவை இழந்தது அவர் குற்றமும் அன்று. கடுமையான மனிதராயினும், இலங்கையரின் அரசியல் ஆசையை அவர் அலட்சியம் செய்யவில்லை. யுத்தத்திற்குத் தோள்கொடுத்த அமைச்சர்களுக்குச் சுயாட்சி பற்றித் தெளிவான உறுதி அளிக்க வேண்டும் என்று தேசாதிபதியோடு அவரும் லண்டனுக்கு எழுதினார். அதன் விளைவாக 1943 மே 26ஆம் நாள் பிரகடனம் வெளிவந்தது. அதைத் தொடர்ந்து சோல்பரிக் குழுவும், 1948இல் சுதந்திரமும் வந்தன. 1945ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலங்கையை விட்டுப் புறப்பட்ட லேட்டன், போர்ட்ஸ்மத் தளத்தின் தளபதியாக இருந்து 1947இல் ஓய்வு பெற்றார்.

யுத்தத்திற்குத் துணை நின்ற அமைச்சர்களுக்கு நாடு கிடைத்தது. யுத்தத்திற்குத் தேயிலை கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது யாது? சுதந்திரம் வந்த அதே 1948ஆம் ஆண்டில் நிறைவேறிய பிரசாவுரிமைச் சட்டம், அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. நம் அப்பாயிக்கு அப்போது பதினான்கு வயது. பேர் பதிந்து கொழுந்தெடுக்கத் தொடங்கியிருந்தார். தாம் நாடற்றவர் என்பது அவருக்குத் தெரிய மேலும் பல ஆண்டுகள் சென்றன.

லேட்டன் 1964 செப்டெம்பர் 4ஆம் நாள் காலமானார். அடுத்த மாதம் 30ஆம் நாள் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் பற்றிப் பின்னர் பேசலாம் என்று மனிதரைப் பங்கிட்டனர். 1942இல் அரிசியைப் பங்கிட்டவர்களாவது குடும்பத்தைப் பிரிக்கவில்லை. நாடற்றோர் என்ற நிலையை நீக்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வர வேண்டியிருந்தது. அதற்குள் ஒரு தலைமுறை காத்திருந்தே மண்ணில் கலந்துவிட்டது.

சால்ட்ஹோம் மணல்திட்டில் சிக்கிய முப்பது பேரின் கதையை நாம் மாணவருக்குச் சொல்லும்போது, வகுப்பில் ஒருவன் கேட்டான்: “ஐயா, எங்களுக்கும் சுடுபவருக்கும் நடுவிலே அந்த டென்மார்க்குப் படகுபோல யாராவது வந்தார்களா?” உடனே விடை கூற நமக்கு நா எழவில்லை. சிறிது பொறுத்து, வந்தார்கள் என்றோம். சங்கம் அமைத்தவர்கள் வந்தார்கள். இரவுப் பாடசாலை நடத்தியவர்கள் வந்தார்கள். கையிலிருந்த ஒரு ரொட்டியைப் பிய்த்துப் பக்கத்துக் காம்பராப் பிள்ளைக்குக் கொடுத்த தாய்மார் வந்தார்கள். அவர்களுக்குப் பதக்கம் இல்லை, பட்டம் இல்லை, வரலாற்று நூல்களில் ஒரு வரி இல்லை.

மாண்ட மாலுமிகளின் பெயர்களை இங்கிலாந்து கல்லில் பொறித்து வைத்திருக்கிறது. அது நன்று. நம் மலைகளில் உழைத்து ஓய்ந்தவர்களின் பெயர்களோ பழைய பேர்ச்சிட்டைகளில் செல்லரித்துப் போகின்றன. எஞ்சியிருப்பது முதியோரின் நினைவு ஒன்றே. அவர்களும் ஒவ்வொருவராக விடைபெற்றுக்கொண்டிருக்கின்றனர். உங்கள் வீட்டில் எண்பது கடந்த ஒரு பாட்டியோ தாத்தாவோ இருப்பாராயின், அடுத்த முறை ரொட்டி சுடும்போது அருகே அமர்த்தி, இது முதன்முதல் எப்போது வந்தது என்று கேளுங்கள். அவர் சொல்வதைப் பெயரோடும் தோட்டத்தோடும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.